வன்னியில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு: வடிவமைப்பும் மூலங்களைச் சுட்டுதலும்

"அண்ணா, எல்லாம் முடிந்துவிட்டது. உசாத்துணை மட்டும்தான் மிச்சம்." சமர்ப்பிக்கும் வாரத்தில் பென்டிரைவோடு வருகிற இறுதியாண்டு மாணவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் தொடங்குவார்கள். கோப்பைத் திறந்தால் எந்தத் தகவல் எந்த நூலிலிருந்து வந்தது என்பது எழுதியவருக்கே நினைவிருக்காது. அதன்பிறகு நடப்பது உசாத்துணை போடும் வேலை அல்ல, தொலைந்த மாட்டைத் தேடும் வேலை.

ஆகவே கீழே உள்ள படிகளை அவை வருகிற வரிசையிலேயே செய்யுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ வவுனியா பம்பைமடு வளாகத்திலோ ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும், வெளிவாரிப் பட்டத்துக்கோ ஆசிரியர் கல்விக்கோ தமிழில் எழுதுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொதுவானது. தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் துறையின் ஆய்வேட்டு வழிகாட்டிக் கையேட்டை வாங்குங்கள். கையேடு இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்: எந்த மேற்கோள் முறை, அதன் எந்தப் பதிப்பு?

"ஏ.பி.ஏ. முறை" (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) என்று மட்டும் சொன்னால் போதாது. அதன் ஏழாம் பதிப்பு 2019 ஒக்டோபரில் வெளிவந்தது. ஆறாம் பதிப்பில் பதிப்பகத்துக்கு முன்னால் ஊர்ப்பெயர் வரும், ஏழாம் பதிப்பில் வராது. மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரையை முதல் தடவை சுட்டும்போதே முதலாமவர் பெயரோடு "முதலானோர்" என்று நிறுத்துவதும் ஏழாம் பதிப்பின் வழக்கம்தான். "ஹார்வர்ட்" என்று சொன்னால் இன்னும் கவனம் தேவை. அதற்கு ஒரே அதிகாரபூர்வக் கையேடு என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு, முந்தைய அணி அக்கா ஒருவரின் ஆய்வேட்டை வாங்கி அதையே அச்சாக வைத்துக்கொள்வது. அந்த அக்காவும் தனக்கு முந்தைய அணியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஏழாம் பதிப்பு கேட்கும் துறையில் "கொழும்பு:" என்று தொடங்கும் பதிப்பக வரிகளைக் கண்டால், எங்கிருந்து இறங்கி வந்தவை என்பது பரீட்சகருக்குத் தெரிந்துவிடும்.

2. ஒரு வரி எழுதுவதற்கு முன் கோப்பை அமையுங்கள்

வேர்டில் பக்க அளவு ஏ4 தானா என்று பாருங்கள். பல கணினிகளில் அது அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். நூறு பக்கம் எழுதியபின் மாற்றினால் அட்டவணைகள் எல்லாம் இடம்பெயரும். கையேட்டில் வேறு சொல்லாவிட்டால் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம் விடுங்கள். கட்டும்போது இடப்பக்கத்தில் அரை அங்குலம் தையலுக்குள் போய்விடும், அதற்காகத்தான் அந்தக் கூடுதல் இடம்.

தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள் இங்கே அதிகம். பாமினி எழுத்துரு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அதனால் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, ஒப்புமை சோதிக்கும் மென்பொருளுக்கும் புரியாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேலிக்குள் மாடு புகுந்தது போல இருக்கும். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். பழைய பாமினிக் கோப்பிலிருந்து பகுதிகள் எடுக்க வேண்டியிருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் மாற்றி, மூலத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டு வாசித்தபின் ஒட்டுங்கள். ஆங்கிலச் சொற்கள் இடையில் வந்த இடங்களில் அந்த மாற்றி அவற்றையும் தமிழாக்கி உளறிவைத்திருக்கும்.

தலைப்புகளைக் கையால் பெரிதாக்கித் தடிக்க வைக்காதீர்கள். ஸ்டைல்ஸ் பகுதியில் உள்ள ஹெடிங் 1, ஹெடிங் 2 ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். அப்படிச் செய்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். கையால் பக்க எண் போட்ட பொருளடக்கம் மேற்பார்வையாளர் ஒரு பந்தியை வெட்டச் சொன்ன அன்றே பொய்யாகிவிடும்.

முன்பக்கங்களுக்கு உரோம எண், முதலாம் இயலிலிருந்து 1, 2, 3 என்று வர வேண்டுமானால் இடையில் செக்ஷன் பிரேக் போட்டு, இரண்டாம் பகுதியில் பக்கத்தின் அடிப்பகுதியில் (ஃபுட்டர்) "முந்தையதோடு இணை" என்ற பொருள்படும் பொத்தானை அணைக்க வேண்டும். இந்த ஒரு பொத்தானைத் தெரியாததால் ஆய்வேட்டை இரண்டு கோப்பாக வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. மூலத்தைத் திறந்த நிமிடத்திலேயே பதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். நூல், கட்டுரை, அறிக்கை எதுவானாலும் குறிப்பெடுக்கும் முதல் வரிக்கு முன் நான்கு விடயங்களை எழுதுங்கள்: யார், எந்த ஆண்டு, என்ன தலைப்பு, யார் வெளியிட்டார்கள். பிறகு ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் பக்க எண்.

நூலகத்தில் போட்டோக்கொப்பி எடுக்கும்போது தேவையான இயலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆண்டும் பதிப்பகமும் இருப்பது தலைப்புப் பக்கத்திலும் அதன் பின்பக்கத்திலும். அந்த இரண்டையும் கைபேசியில் படமெடுக்க அரை நிமிடம் போதும். விட்டுவிட்டால் ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் ஏறித் திரும்பவும் வர வேண்டும், அன்றைக்கு நூல் இரவலில் போயிருக்கும்.

குறிப்பேட்டில் மூன்று வகையை வேறுபடுத்துங்கள். ஆசிரியரின் சொற்கள் அப்படியே என்றால் மேற்கோள்குறி. அவருடைய கருத்தை உங்கள் சொற்களில் எழுதினால் பக்க எண் மட்டும். உங்கள் சொந்த எண்ணம் என்றால் ஓரத்தில் "நான்". நான் பார்த்தவரை, களவென்று பிடிபட்ட பந்திகளில் பெரும்பாலானவை திட்டமிட்டுத் திருடப்பட்டவை அல்ல. மூன்று மாதத்துக்கு முன் மேற்கோள்குறி போடாமல் எழுதிய குறிப்பைத் தன் சொந்த எழுத்தென்று நம்பி ஒட்டியவையே அவை.

ஐம்பது மூலங்களுக்கு மேல் போகும் என்று தெரிந்தால் சொட்டெரோ (Zotero) போன்ற இலவச மென்பொருளில் சேமியுங்கள். ஆனால் இணையத்திலிருந்து அது தானாக எடுக்கும் விபரத்தை நம்பிவிடாதீர்கள். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில், ஆசிரியர் இடத்தில் இணையத்தளத்தின் பெயர் என்று அடிக்கடி வரும். சேமித்த கையோடு திருத்துங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "இதற்கு ஐந்து உசாத்துணை தா" என்று கேட்கும் பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியரின் பெயரைப் போட்டுத் தருவதில் அவை கெட்டிக்காரர்கள். நீங்கள் கண்ணால் காணாத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

4. பெயரைச் சரியாகத் திருப்புவது

மேற்கோள் முறைகள் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களுக்காக உருவானவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் முதலெழுத்து அப்பாவின் பெயர், அதன்பின் வருவது சொந்தப் பெயர். கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் கார்த்திகேசு தந்தை. ஆகவே பட்டியலில் "சிவத்தம்பி, கா." என்று வரும், உடற்பகுதியில் "சிவத்தம்பி". க. கைலாசபதியும் அவ்வாறே "கைலாசபதி, க.". தந்தையின் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து "கார்த்திகேசு, சி." என்று எழுதினால் வாசகர் நூலகப் பட்டியலில் தேடும்போது யாரையும் காணமாட்டார்.

சிக்கல் ஆங்கிலக் கட்டுரைகளில்தான். நம்மவர் சிலர் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு எழுதும்போது சொந்தப் பெயரை முன்னாலும் தந்தை பெயரைப் பின்னாலும் போடுகிறார்கள். அப்போது தந்தை பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகிவிடும். அதைத் திருத்தப் போகாதீர்கள். ஆய்விதழ் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியே சுட்டுங்கள். ஒரே ஆளின் இரண்டு கட்டுரைகள் இரண்டு பெயர் வரிசையில் இருந்தாலும் அப்படியே விட வேண்டியதுதான். சுட்டுவதன் நோக்கம் வாசகரை அந்தக் கட்டுரையிடம் கொண்டுபோய் விடுவது.

கலாநிதி, பேராசிரியர், திரு, அருட்தந்தை போன்ற பட்டங்கள் பட்டியலில் வரக்கூடாது. மரியாதைக் குறைவாகத் தோன்றும், பழகிவிடும்.

5. உடற்பகுதியில் சுட்டுவது

ஏ.பி.ஏ. முறையில் ஆசிரியரும் ஆண்டும் போதும்: ஜே. பி. லூயிஸின் வன்னி நூலுக்கு (லூயிஸ், 1895). சொற்களை அப்படியே எடுத்தால் பக்க எண்ணும் வேண்டும். நாற்பது சொற்களோ அதற்கு மேலோ எடுத்தால் மேற்கோள்குறி இல்லாமல் தனிப் பந்தியாக உள்ளே தள்ளி எழுத வேண்டும். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளுவதால் நாற்பதுக்கு வெகுமுன்பே நான்கைந்து வரி ஓடிவிடும். துறை ஆட்சேபிக்காவிட்டால் நான்கு வரி தாண்டியதைத் தள்ளி எழுதுவதே வாசிக்க வசதி என்பேன்.

பந்தியின் கடைசியில் ஒரே ஒரு அடைப்புக்குறியைப் போட்டு முழுப் பந்தியையும் அதன் கணக்கில் எழுதுவது அடுத்த பொதுத் தவறு. பந்தியில் ஆறு வாக்கியம் இருந்தால் எது லூயிஸ் சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? முதல் வாக்கியத்திலேயே "லூயிஸ் (1895) குறிப்பிடுவதன்படி" என்று தொடங்குங்கள். உங்கள் கருத்துக்கு வரும்போது வாக்கிய அமைப்பே அதைக் காட்ட வேண்டும்.

வன்னியைப் பற்றி எழுதும் பலர், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டைச் சுட்டுகிறார்கள். அதைத் திறந்து பார்த்தவர்கள் சிலர்தான். வேறொரு கட்டுரையில் வந்த லூயிஸின் வரியை எடுத்தால் உண்மையைச் சொல்லுங்கள்: லூயிஸ் சொன்னதாக நீங்கள் வாசித்த கட்டுரையின் பெயரையும் ஆண்டையும் போட்டு, "மேற்கோள் காட்டப்பட்டவாறு" என்று எழுதுங்கள். பட்டியலில் நீங்கள் வாசித்த கட்டுரை மட்டும் வரும். மறுபதிப்பை வாசித்திருந்தால் உடற்பகுதியில் 1895உடன் சாய்கோடிட்டு மறுபதிப்பு ஆண்டையும் சேருங்கள். வன்னிக் குளங்களைப் பற்றி யாரோ நேற்று எழுதியதாக வாசகர் நினைத்துவிடக் கூடாது.

6. நம் பகுதிக்கே உரிய மூலங்கள்

ஆங்கிலக் கையேடுகளில் எளிதில் விடை கிடைக்காத கேள்விகள் இங்கேதான் எழும்.

புள்ளிவிபரம். மாவட்டச் செயலகமோ பிரதேச செயலகமோ வெளியிடும் புள்ளிவிபரக் கையேட்டில் ஆசிரியர் பெயர் இருக்காது. வெளியிட்ட நிறுவனமே ஆசிரியர். "கச்சேரியில் பெற்றது" என்று எழுதுவது சுட்டல் ஆகாது. கையேட்டின் ஆண்டும் தரவின் ஆண்டும் வேறாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் கையேட்டின் ஆண்டு, வாக்கியத்துக்குள் தரவின் ஆண்டு.

சனத்தொகைக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 2001 தொகைமதிப்பு வடக்கு கிழக்கின் பல மாவட்டங்களில் முழுமையாக நடக்கவில்லை, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அவற்றில் அடங்கும். ஆகவே "2001 தொகைமதிப்பின்படி முல்லைத்தீவு" என்று ஓர் எண்ணைக் கண்டால் அது மதிப்பீடா, வேறு யாரும் எடுத்த கணக்கா என்று மூலத்தின் அடிக்குறிப்பைப் பாருங்கள். அதேபோல கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. 1981க்கான "கிளிநொச்சி மாவட்ட" எண் ஒன்று கிடைத்தால் பிற்காலத்தில் யாரோ பிரித்துக் கணக்கிட்டது அது. அப்படிக் கணக்கிட்டவரைச் சுட்டுங்கள்.

நூலகம் இணையத்தளம். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் வருடிய (ஸ்கேன் செய்த) நூலைப் பயன்படுத்தினால் இணைப்பை மட்டும் ஒட்டுவது போதாது. சுட்ட வேண்டியது நூலை: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், அதன்பின் இணைப்பு. பக்க எண் வருடிய நூலில் அச்சாகியுள்ள எண்ணாக இருக்க வேண்டும். பிடிஎப் செயலி காட்டும் எண் அட்டையிலிருந்து தொடங்குவதால் ஏழெட்டுப் பக்கம் தள்ளி நிற்கும்.

அலுவலகத் தகவல். கிராம அலுவலர் தொலைபேசியில் சொன்ன எண்ணிக்கையைத் "தனிப்பட்ட தொடர்பு" என்று திகதியோடு உடற்பகுதியில் மட்டும் சுட்டலாம். மற்றவர் போய்ப் பார்க்க எதுவும் இல்லாததால் ஏ.பி.ஏ. முறையில் அது பட்டியலில் வராது. முக்கியமான எண் என்றால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. வந்த கடிதத்தைப் பின்னிணைப்பில் சேர்த்து, அந்தப் பின்னிணைப்பைச் சுட்டுங்கள்.

நேர்காணல். ஆய்வுக்காக நீங்கள் எடுத்த நேர்காணல் உங்கள் தரவு, வெளி மூலம் அல்ல. அதைத் தனிப்பட்ட தொடர்பாகச் சுட்டவோ பட்டியலில் சேர்க்கவோ வேண்டாம். "பங்கேற்பாளர் 7" என்று குறியீடு கொடுங்கள், குறியீட்டுப் பட்டியலை வேறு இடத்தில் பூட்டிவையுங்கள். இங்கே பெயரை மறைத்தால் மட்டும் ஆள் மறைய மாட்டார். ஒரு சிறிய கிராமத்தில் "ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், 71 வயது, இரு பிள்ளைகளை இழந்தவர்" என்று எழுதினால் ஊரே அவர் யாரென்று சொல்லிவிடும். வயதை வீச்சாக எழுதுங்கள், கிராமத்துக்குப் பதிலாகப் பிரதேச செயலகப் பிரிவைச் சொல்லுங்கள், வாதத்துக்குத் தேவையில்லாத விபரத்தை விடுங்கள். அந்த அம்மா உங்களுக்குத் தேநீர் தந்து பேசியது உங்களை நம்பித்தான்.

ஊர்ப் பெயர். ஆங்கிலத்தில் முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. உங்கள் உரையில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள். மூலத்தின் தலைப்பிலோ மேற்கோளிலோ வருவதை மட்டும் தொடாதீர்கள். புதுக்குடியிருப்பு என்ற பெயரில் வேறு மாவட்டங்களிலும் ஊர்கள் இருக்கின்றன, முதல் தடவை மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

7. உசாத்துணைப் பட்டியல்

பட்டியல் புதிய பக்கத்தில் தொடங்கும். ஒவ்வொரு பதிவின் முதல் வரி ஓரத்திலும், அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளேயும் இருக்க வேண்டும். கண் பெயர்களை மட்டும் தொட்டு இறங்குவதற்காகத்தான் இந்த அமைப்பு. இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி இதைச் செய்யாதீர்கள், வேர்டில் பந்தியைத் தெரிவுசெய்து கன்ட்ரோல் பொத்தானோடு டீ எழுத்தை அழுத்தினால் போதும். இலக்கமோ புள்ளியோ வேண்டாம்.

தமிழ்ப் பதிவுகளைக் கணினி அடுக்கியபின் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். யூனிகோட் அட்டவணையில் ன, நவுக்கு அடுத்தும் ற, ரவுக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன, ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன என்று கடைசியில் வரும். அட்டவணை வரிசையிலேயே அடுக்கும் மென்பொருள் சில பெயர்களை இடம் மாற்றிவிடும்.

தமிழ், ஆங்கில மூலங்கள் இரண்டும் இருந்தால் ஒரே பட்டியலா, இரண்டா என்று துறையிடம் கேளுங்கள். ஆங்கில ஆய்வேட்டில் தமிழ் நூலைச் சுட்டும்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, அதன் பொருளைச் சதுர அடைப்புக்குள் தருவது ஏ.பி.ஏ. வழக்கம். பொருளை மட்டும் எழுதினால் அப்படியொரு ஆங்கில நூல் இருப்பதாக வாசகர் எண்ணித் தேடுவார்.

பிறகு இருவழிச் சோதனை. பட்டியலை அச்சிட்டு ஒரு பேனையோடு உடற்பகுதியை முதலிலிருந்து புரட்டுங்கள். சுட்டியது ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு சரி போடுங்கள். சரி விழாத பதிவை நீக்குங்கள், பட்டியலில் இல்லாத பெயரைச் சேருங்கள். ஆண்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். இதைத் திரையில் செய்தால் கண் ஏமாற்றும். தனியே செய்வதைவிட ஒருவர் வாசிக்க மற்றவர் குறிப்பது விரைவு, நண்பருக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

8. அட்டவணை, படம், வரைபடம்

அட்டவணையின் எண்ணும் தலைப்பும் மேலே. படத்துக்கும் ஏழாம் பதிப்பில் மேலேதான், ஆனால் பல துறைகள் கீழே கேட்கின்றன, கையேட்டைப் பாருங்கள். புள்ளிவிபரக் கையேட்டிலிருந்து எடுத்த அட்டவணையில் ஒரு நிரலை நீங்கள் கூட்டிச் சேர்த்திருந்தால் அடியில் அதைச் சொல்லுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடமோ கூகிள் வரைபடத்தின் திரைப்பிடிப்போ எதுவானாலும் மூலமும் திகதியும் வேண்டும். நீங்களே எடுத்த படத்துக்குக் கீழே "களப்படம்" என்றும் மாதமும் ஆண்டும் போதும்.

9. அச்சுக்குக் கொடுக்கும் முன்

கோப்பு முழுவதையும் தெரிவுசெய்து எஃப்9 அழுத்துங்கள். பொருளடக்கமும் அட்டவணைப் பட்டியலும் புதுப்பிக்கப்படும். பிறகு பிடிஎப் ஆக்கி, அந்தப் பிடிஎப்பை மட்டும் கொண்டுபோங்கள். வேர்ட் கோப்பைக் கொண்டுபோனால் கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது, பதிலுக்கு வேறொன்று ஏறிக்கொள்ளும், பக்கங்கள் நகர்ந்துவிடும். ஒரு தடவை எனக்கே நடந்தது: அச்சான பிரதியில் ஐந்தாம் இயல் 64ஆம் பக்கத்தில் தொடங்கியது, பொருளடக்கம் 61 என்று சொன்னது. மூன்று பிரதியும் கட்டி முடித்தபிறகுதான் கவனித்தேன்.

கடையில் முழுவதையும் அச்சிடச் சொல்லாதீர்கள். பொருளடக்கத்தில் ஒரு பக்கம், ஓர் அட்டவணை, பட்டியலில் ஒரு பக்கம் என்று மூன்றை மட்டும் அச்சிடச் சொல்லி, இடப்பக்க ஓரத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவு போடப்பட்டிருந்தால் ஒன்றரை அங்குலம் சுருங்கியிருக்கும். அதை அணைக்கச் சொல்லுங்கள். அளவு சரியென்றால் மிச்சத்தை அச்சிடக் கொடுக்கலாம். மின்வெட்டு வராத நேரமாகப் பார்த்துக் காலையிலேயே போங்கள்.